நின்ற இடத்தில் ஓடும் வண்டி

சேலம்
24.3.2025

அன்புள்ள தம்பி சகாயராஜுக்கு,

இறையருளால் நானும் ரெனிட்டாவும் சுகம். நீயும் தெரசம்மாளும் நலம்தானே? சர்க்கரை மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாயா?

ஆளுக்கு இரண்டு போன் வைத்திருக்கும் காலத்தில் அக்கா கடிதம் போட்டிருக்கிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ குரலை உயர்த்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் அதுதான். எழுத்தில் என்றால், நீ சொல்வதை நான் கடைசிவரை படித்தாக வேண்டும். நான் கேட்பதற்கு நீ பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கார் விவகாரம் முடியும்வரை இப்படியே இருக்கட்டும்.

ரெனிட்டாவுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் நடந்த அன்று, விருந்துப் பந்தியில் நின்றுகொண்டு, "ப்ளஸ் டூ முடிச்ச கையோட மாமன் காரு வாங்கித் தாரேன் சாமி" என்று நீ சொன்னாய். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அவள் அதை மறக்கவும் இல்லை. அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, இங்கிருந்து சங்ககிரி வழியாக, லாரிகளுக்கு நடுவில் தினமும் தானே ஓட்டிப் போய்வருவாளாம். கல்லூரி பஸ் போதும் என்பது என் கட்சி. அதைக் கேட்பார் இல்லை. உன் மச்சானைக் கேட்டால், அவர் ரயில்வேக்காரர். தண்டவாளத்தில் ஓடாத எதைப் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை. மாதக் கடைசியில் விசாகப்பட்டினத்திலிருந்து வரும்போது, "உன் தம்பி பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்.

ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரிடம் 2017-ஆம் வருடத்து காம்பாக்ட் எஸ்.யூ.வி. இருக்கிறது, வெள்ளை நிறம், டீசல் என்றாய். எட்டு வருடம் ஓடிய வண்டியை எதை வைத்து நம்புவது? சர்வீஸ் எங்கே செய்தார்? எங்காவது மோதியிருக்கிறதா? டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? நீ ஓட்டிப் பார்த்தாயா?

பதில் எழுது.

அக்கா அக்சிலியா


திருச்செங்கோடு
2.4.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். அதற்கும் பாதி மார்க்குதான் போட்டார்கள். அதனால் தப்புத் தவறு இருந்தால் சிவப்பு மையில் சுழிக்காதே.

வண்டி தங்கம் அக்கா. ஒரே ஓனர். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியிருக்கிறார். நெய் டின் ஏற்றியதில் பின்சீட் கொஞ்சம் மணக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ரிக் தொழிலில் வண்டியை எப்படிப் பார்ப்போம் என்று உனக்குத் தெரியாது. போர்வெல் வண்டி ஒரு ஊருக்குப் போகிற நேரம் கொஞ்சம். போன இடத்தில் நின்று ஓடுகிற நேரம்தான் அதிகம். ராத்திரி பகலாகக் கம்ப்ரசர் ஓடும். அதனால் கிலோமீட்டரை யார் பார்க்கிறார்கள்? நிற்க வைத்து, ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்போம். நெய்க்காரர் வீட்டு வாசலிலும் அதைத்தான் செய்தேன். போனட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் விட்டேன். தண்ணீர் நடுங்கவே இல்லை. சைலன்சரில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன், கறுக்கவில்லை. கடைசியில் அவரே வெளியே வந்து, "ஏனுங்க, வண்டி வாங்க வந்தீங்களா, டீசலைத் தீத்துட்டுப் போக வந்தீங்களா" என்று கேட்டுவிட்டார்.

எங்கேயும் மோதவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். டயர் நான்கும் புதுசு. பேச்சை முடித்து வண்டியை நம் ஷெட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பேர் மாற்றுவதுதான் பாக்கி.

மருமகளுக்கு என் முத்தம்.

உன் தம்பி
சகாயராஜ்


சேலம்
7.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் சர்க்கரையைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை.

டம்ளர் தண்ணீர் நடுங்கவில்லை என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று பொருள். இன்ஜின் மட்டும். என் மகள் நின்ற இடத்திலேயே கல்லூரிக்குப் போகப்போவதில்லை. அவளுக்கு பிரேக் பிடிக்க வேண்டும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஏற வேண்டும். இவற்றில் ஒன்றையாவது வாசலில் நிறுத்தி வைத்துத் தெரிந்துகொள்ள முடியுமா? இருபத்து நான்கு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். எது தேவையோ அதை விட்டுவிட்டு, எதை அளக்கச் சுலபமோ அதை அளந்துகொண்டு வருகிற மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களைக் கூடத் திருத்திவிடலாம்.

நான்கு டயரும் புதிதாக இருப்பது உனக்கு ஆறுதல், எனக்குச் சந்தேகம். விற்கப்போகும் வண்டிக்கு ஒருவர் எதற்காகப் புது டயர் போடுகிறார்? பழைய டயரில் ஏதாவது தெரிந்திருக்கும்.

உன் ஊரிலிருந்து சேலம் ஒரு மணி நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வா. சாப்பிட்டுவிட்டு, ஓமலூர் ரோட்டில் நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன். விடைத்தாள் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது. ஞாயிறு தவிர எனக்கு நேரம் இல்லை.

இன்னொரு முறை கேட்கிறேன்: நீ ஓட்டிப் பார்த்தாயா?

அக்சிலியா


திருச்செங்கோடு
23.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. இங்கே நாங்கள் நலம். ரெனிட்டா பிறந்தநாளுக்குத் தெரசம்மாள் அனுப்பிய சுடிதார் அளவு சரியாக இருந்ததா?

தவக்காலமாக இருந்ததால் வர முடியவில்லை. குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று கோயில் வேலையே சரியாக இருந்தது. கோபிக்காதே.

ஒரு நல்ல செய்தி. ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரித்தாகிவிட்டது. தீர்த்தம் தெளித்து, ஸ்டியரிங்கில் சிலுவை போட்டு, டேஷ்போர்டில் சகாய மாதா சுரூபம் ஒட்டியிருக்கிறோம். கோயில் வாசலில் எல்லாரும், "மாமன்னா இப்படி இருக்கோணுங்க" என்றார்கள். சாமியாரும் ஏறி உட்கார்ந்து பார்த்து, ஏசி நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

தினமும் காலையில் அரை மணி நேரம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறேன். சத்தம் மாறவே இல்லை. ஒரே சுருதி.

உன் தம்பி
சகாயராஜ்


சேலம்
27.4.2025

தம்பிக்கு,

நலம். உங்கள் நலனை மாதா பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன்; நீ பார்த்துக்கொள்வதாகத் தெரியவில்லை. சுடிதார் சரியாக இருந்தது.

பேர் கூட மாற்றாத வண்டியை மந்திரித்து வைத்திருக்கிறாய். இனி அது வேண்டாம் என்று நான் சொன்னால் உன்னை மட்டும் எதிர்த்ததாக ஆகாது. பங்குக் கோயிலையே எதிர்த்ததாக ஆகும். தெரிந்துதான் செய்தாயா?

தவக்காலத்தில் கறி சாப்பிடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது என்று எந்தச் சாமியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை முடிந்து இப்போது ஒன்பது நாள் ஆகிறது.

தீர்த்தத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது பிரேக் ஆயில் இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. ஓட்டிப் பார்த்தாயா, இல்லையா? ஓட்டினாய் என்றால் எழுபது, எண்பதில் எப்படி இருந்தது? பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா? இதை எழுத ஒரு அஞ்சலட்டை போதும்.

ரெனிட்டா எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். நீ அனுப்பிய படத்தில் அந்த வண்டிக்கு முன்னால் கிடக்கும் மாலையைப் பார்த்துப் பார்த்து மகிழ்கிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

அக்சிலியா


திருச்செங்கோடு
29.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். கடிதம் போடத் தாமதமாகிவிட்டது. ஆந்திராவில் இருக்கும் ரிக்கில் ஒரு பிரச்சனை, நம் ஷெட்டுப் பையன் கந்தனை அங்கே அனுப்பிவிட்டுக் கையொடிந்த மாதிரி இருந்தேன். அவன் இப்போது வந்துவிட்டான்.

ரெனிட்டா மார்க்கைக் கேட்டுத் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தோம். கணக்கில் உன்னைப் போல. அழகில் என்னைப் போல.

வண்டியைச் சேலம் கொண்டுவரச் சொன்னாய். அடுத்த வாரம் இங்கே தேர் நோம்பி. நான்கு ரத வீதியிலும் கூட்டம். வண்டியை வெளியே எடுக்கவே முடியாது. அதற்குப் பதிலாக மருமகளை அனுப்பி வை. தேரும் பார்க்கட்டும், வண்டியும் பார்க்கட்டும். அவளுக்குப் பிடித்தால் போதாதா? ஓட்டப்போவது அவள்தானே.

நீ நிறைய யோசிக்கிறாய் அக்கா. படித்தவர்கள் எல்லாருக்கும் இருக்கிற வியாதி.

சகாயராஜ்


சேலம்
2.6.2025

தம்பிக்கு,

நாங்கள் நலம். ஒரு மாதம் காத்திருந்து வந்த கடிதத்தில் ஜிலேபி இருக்கிறது, தேர் இருக்கிறது, என் வியாதி இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

ரெனிட்டா வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறாள். பத்து நாள் இருக்கட்டும். வண்டியைப் பார்க்கலாம், உட்காரலாம், பாட்டுப் போட்டுக் கேட்கலாம். சாவியை அவள் கையில் கொடுக்காதே. அவளிடம் இருப்பது எல்.எல்.ஆர். மட்டும். சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்தில் இன்னொரு பிரேக்கோடுதான் ஓட்டியிருக்கிறாள். அவளுக்கு எது வண்டியின் குறை, எது தன் குறை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வண்டி தப்பாகப் போனால் தான் தப்பாக ஓட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்வாள். முதல் வண்டி நம்பகமாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

தெரசம்மாளுக்கு அன்பு. அவளிடம் என்னோடு போனில் பேசச் சொல். அவளோடு நான் சண்டை போட்டதில்லை.

அக்சிலியா


திருச்செங்கோடு
14.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ரெனிட்டாவும் சுகம். தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது.

கோபப்படாமல் படி. சாவியைக் கொடுத்துவிட்டேன். பிள்ளை தினமும் ஷெட்டு வாசலில் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றால் மாமன் மனசு கேட்குமா? தனியாக விடவில்லை. கந்தன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். சங்ககிரி ரோட்டில் நான்கு நாளாக ஓட்டுகிறாள்.

நன்றாக ஓட்டுகிறாள் அக்கா. பயமே இல்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் இடது பக்கம் ஒடிக்கிறாள். நேற்று ஒரு மொபெட்காரன் பக்கத்தில் போய்விட்டதாம். அவன் திட்டியதில் அழுதுவிட்டாள். "கையை இறுக்கிப் பிடி சாமி, புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். பழகினால் சரியாகிவிடும்.

சகாயராஜ்


சேலம்
18.6.2025

தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை காலை வந்தது. உடனே போன் செய்தேன். ரெனிட்டாதான் எடுத்தாள். நீ தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். உனக்கு ஏது தோட்டம்? என் கார் சர்வீஸில் இருந்ததால், விடைத்தாள்களை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நான் வந்தபோது நீ ரிக் விஷயமாகக் குமாரபாளையம் போயிருந்தாய். உன் சொந்தக் கார் ஷெட்டில் நின்றது. பஸ்ஸில் போயிருந்தாய்.

நீ வருவதற்குள் நான் கிளம்பிவிட்டதால், நடந்ததை எழுதுகிறேன்.

கந்தனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நெய்க்காரரின் வண்டியைச் சங்ககிரி ரோட்டில் எடுத்துப் போனேன். பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, எழுபதில் பிரேக்கை அழுத்தினேன். தேரை இடப்பக்கத்து ஆட்கள் மட்டும் சேர்ந்து இழுத்தால் எப்படிப் போகும், அப்படிப் போனது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதேதான். என் மகள் இதைத் தன் கையின் குற்றம் என்று நினைத்து நான்கு நாள் ஓட்டியிருக்கிறாள்.

வீல் அலைன்மெண்ட் கடையில் வண்டியைத் தூக்கிவைக்கச் சொல்லி, செல்போன் விளக்கைப் பிடித்து நானே குனிந்து பார்த்தேன். முன்பக்கச் சட்டம் ஒரு முறை மடங்கி, நிமிர்த்தி, வெல்டு வைக்கப்பட்டிருக்கிறது. மேலே கறுப்பு பெயிண்ட். கடைக்காரரிடம் கேட்டேன். "இடிச்ச வண்டிங்க மேடம். அலைன்மெண்ட் எத்தனை தடவ வெச்சாலும் நிக்காதுங்க" என்றார்.

திரும்பும் வழியில் கந்தனிடம் கொஞ்சம் காரமாகவே பேசினேன். "இவ்வளவு தெளிவாக இழுக்கிறது. உங்கள் அண்ணன் ஒரு தடவை கூடவா ஓட்டவில்லை?" என்றேன். அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னான்:

"அண்ணன் ஸ்டியரிங் புடிச்சு ஐப்பசிக்கு அப்புறம் கெடையாதுங்கக்கா."

"ஏன்?"

"ஷெட்டு கேட்டுல இடிச்சுட்டாருங்க. பிரேக்கத்தான மிதிச்சேன்னாரு. நான் குனிஞ்சு பாத்தனுங்க. காலு பிரேக்குக்குப் பக்கத்துல தரையில இருந்துச்சு. சக்கரையில பாதம் மரத்துப்போச்சுங்க. செருப்பு கழண்டு வுழுந்தாக்கூட அவருக்குத் தெரியறதில்லீங்க. நாந்தேன் பின்னாடியே எடுத்துட்டுப் போறது. ஊட்ல அக்காவுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருக்காருங்க."

கந்தனைத் திட்டாதே. அவன் உன் வீட்டு அக்காவிடம்தான் சொல்லக் கூடாது. நான் வேறு அக்கா.

ரெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடு. சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்சிலியா


திருச்செங்கோடு
1.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நெய்க்காரர் முதலில் தெரியாது என்றார். பிறகு தன் மைத்துனன் ஆத்தூர் போகும்போது புளியமரத்தில் விட்டதாக ஒத்துக்கொண்டார். சத்தியம் செய்தது என்ன ஆச்சு என்று கேட்டேன். "நான் மோதலீங்க, மச்சினன்தான மோதுனான்" என்கிறார். சுரூபத்தைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன்.

நீ கவலைப்படாதே. வாழப்பாடியில் வேறு ஒன்று கந்தன் மூலமாக வந்திருக்கிறது. அதே மாதிரி காம்பாக்ட் எஸ்.யூ.வி.தான், அதைவிட ஒரு வருடம் பழையது, பெட்ரோல். உர வியாபாரி ஒருவர் வைத்திருக்கிறார். போனிலேயே ஸ்டார்ட் செய்து கேட்கச் சொன்னேன். இன்ஜின் கொஞ்சம் கரகரப்பு. ஆனாலும் பரவாயில்லை.

மழை இல்லை. ரிக்குக்கு நல்ல காலம்.

சகாயராஜ்


சேலம்
5.7.2025

தம்பிக்கு,

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறாய். புளியமரம் வந்துவிட்டது, மைத்துனன் வந்துவிட்டான், மழை இல்லாதது கூட வந்துவிட்டது. கந்தன் சொன்னது வரவில்லை. சரி. நீ எழுதாததை நானும் கேட்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இனி நான் சொல்வதைச் செய். போன வாரம் டிரைவிங் ஸ்கூல் காரில் எப்படியோ ஓட்டிக் காட்டி ரெனிட்டா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் அங்கே ஓட்டிய அந்த நான்கு நாளுக்குப் பிறகு ஸ்டியரிங் என்றாலே கை வியர்க்கிறது அவளுக்கு. "எனக்கு ஓட்ட வராதும்மா, பஸ்லயே போறேன்" என்கிறாள். பஸ் போதும் என்று மார்ச் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவள் அதைச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. இழுத்தது வண்டி, நீ இல்லை என்று நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்வதாக நினைக்கிறாள். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னது நீ. நீதான் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

வருகிற சனிக்கிழமை கந்தன் உன்னை இங்கே கொண்டுவந்து விடட்டும். என் காரை ரெனிட்டா ஓட்டுவாள். நீ பக்கத்தில் உட்கார். நான் வரமாட்டேன். காலை பத்து மணிக்கு, அழகாபுரத்தில், சர்க்கரைக்காரர்களின் கால் பார்க்கும் டாக்டரிடம் பெயர் பதிந்திருக்கிறேன். அவள் உன்னை அங்கே கொண்டுபோவாள். முடிந்ததும் இருவரும் வாழப்பாடி போய், அந்த வண்டியைப் பாருங்கள். அவள் ஓட்டிப் பார்க்கட்டும். எழுபதில் பிரேக் பிடிக்கட்டும். டம்ளர் எடுத்துப் போகாதே.

அக்சிலியா


திருச்செங்கோடு
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வீட்டில் சுகம். சனிக்கிழமை நீ செய்து வைத்திருந்த கோழி நன்றாக இருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டரிடம் போகவில்லை. வாசலில் கூட்டம் என்று ரெனிட்டாவிடம் சொல்லி நேராக வாழப்பாடிக்கு விடச் சொன்னேன். அவள், "மாமா, நாலு பேருதான இருக்காங்க" என்றாள். நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டும்வரை முப்பதிலேயே ஓட்டினாள். பின்னால் வந்த லாரி எல்லாம் ஹாரன் அடித்தது. நான்தான் சொன்னேன். அந்த வண்டி இடித்த வண்டி, உன் கை நல்ல கை, மாமன் ஓட்டாமலே உன்கிட்டக் கொடுத்துட்டேன் சாமி என்று. "ஏன் மாமா ஓட்டல?" என்றாள். காலில் கொஞ்சம் தொந்தரவு என்றேன். அதற்கப்புறம் ஐம்பதுக்குப் போனாள்.

உரக்காரர் வண்டியை அவளே எடுத்தாள். ஆத்தூர் ரோட்டில் கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, "மாமா, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று சொல்லி எழுபதில் பிரேக்கை மிதித்தாள். கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. இன்னொரு தடவை செய்தாள். அப்புறம் சிரித்தாள். இன்ஜின் கரகரப்புதான் அக்கா, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வண்டியை வாங்கிவிடலாம்.

அவள் பிரேக் பிடித்த ஒவ்வொரு தடவையும் நானும் இந்தப் பக்கம் மிதித்தேன். இருபது வருடம் ஓட்டியவனுக்கு அது தானாக வரும். வண்டி நின்றதும், "மாமா, காலை எடுங்க, என் தண்ணி பாட்டிலு" என்றாள். குனிந்து பார்த்தேன். ஸ்டீல் பாட்டில். நடுவில் நசுங்கி, மூடி பிளந்து, என் பாதத்துக்கு அடியில் கிடந்தது. தரை எல்லாம் தண்ணீர். பேண்ட் அடி விளிம்பு ஈரம். எப்போதிலிருந்து அதை மிதித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் பார்ப்பாரா, வேறு கிழமையும் இருப்பாரா என்று கேட்டு எழுது. ரெனிட்டாவுக்கு எந்த நாள் ஒழியும் என்றும் எழுது. தெரசம்மாளும் வருகிறாள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி
சகாயராஜ்